மண் இளக்கும் சனிக்கிழமை

என் மனைவி நெலிமாவின் கல்லறைக்குச் சிமெண்ட் போட்டது மார்ச் மாதத்தில். ஈஸ்டர் வரை பொறுத்திருக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. வீட்டுக்கும் வாழைகளுக்கும் இடையில் இருந்த மண்மேடு நடுவில் அமுங்கி, அந்தக் குழியில் தண்ணீர் நின்றது. பள்ளிக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு வாத்து அதில் இறங்கி நின்றுகொண்டிருந்தது. அன்று மாலை கடைத்தெருவுக்குப் போய்ச் சிமெண்ட் மூட்டைகளையும் ஒரு கொத்தனாரையும் கொண்டுவந்தேன்.

கொத்தனார் வெளியூர்க்காரன். எங்கள் வழக்கம் அவனுக்குத் தெரியாது. கம்பி வலையை விரித்துக் கலவையைக் கொட்டி, பலகையால் இழுத்து மட்டம் செய்தான்.

"பேர் எழுதணுமா சார்? ஈரத்துலயே எழுதிட்டா நிக்கும்."

"வேண்டாம்."

"தேதியாவது?"

"வேண்டாம்."

வழக்கம் எனக்குத் தெரியும். மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அந்த வாரம் எனக்கு எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் நிற்கக் கூடாது என்பது மட்டும் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களை வீட்டு நிலத்திலேயே புதைப்போம். முதல் ஈஸ்டர் வரும்வரை மேடு மண்ணாகவே கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, பெற்ற தாய் இருந்தால் அவள் வந்து மேட்டைத் தன் கையால் இளக்குவாள். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகைத் தூவுவாள். மறுநாள் விடியலில், அந்த ஆண்டு சாவு விழுந்த வீடுகளுக்கெல்லாம் சபை மேளத்தோடு வரும். உபதேசியார் வேலிக்கு வெளியே நின்று, "அவர் எழுந்தார்" என்பார். மேட்டருகே நிற்கும் தாய், "மெய்யாகவே எழுந்தார். இவளும் எழுவாள்" என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு சிமெண்டோ பளிங்கோ எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

நான் இந்தச் சபையில் வளர்ந்தவன். உயிர்த்தெழுதலைப் பற்றிக் கேட்டால் பரீட்சை விடை போல ஒழுங்காகச் சொல்வேன். நவம்பருக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் நெலிமாவுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்று நினைத்தோம். மலேரியாதான். ஆனால் மூளைக்கு ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடியவளை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அவளுடைய அம்மா ரிஸ்பா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறார். எங்கள் மக்களிடம் மாமியாரும் மருமகனும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. கை கொடுப்பதில்லை, ஒரே கூரையின் கீழ் உட்காருவதில்லை. மருமகனின் வேலிக்குள் மாமியார் தூங்குவது பெரிய குற்றம். எல்லாம் மரியாதைக்காக. நகரத்துக்குப் போனவர்கள் சிலர் இதை விட்டுவிட்டார்கள். கல்லூரியில் நானும் இதைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு விடவில்லை. விட வேண்டிய தேவை இருக்கவில்லை. நடுவில் நெலிமா இருந்தாள்.

ரிஸ்பா வந்தால் முற்றத்து அவகாடோ மரத்தடியில் உட்காருவார். நான் வீட்டுக்குள் ஜன்னலோரம் இருப்பேன்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு," என்பார் ரிஸ்பா. "இந்தக் கூரையைப் பாத்தா காக்கா கூட கூடு கட்ட யோசிக்கும்."

நெலிமா உள்ளே வருவாள். "வீடு நல்ல காத்தோட்டமா இருக்காம். அம்மாவுக்குப் பிடிச்சிருக்காம்."

முதலில் சொன்னதும் எனக்குக் கேட்டிருக்கும். "காக்காவை வேற வீடு பாத்துக்கச் சொல்லு," என்பேன்.

அவள் வெளியே போவாள். "அடுத்த மாசமே தகடு மாத்திடறாராம்மா."

அடுத்த மாதம் தகடு மாற்றினேன். அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எங்கள் வீட்டில் பாதி வேலைகள் இப்படித்தான் நடந்தன.

அடக்கத்துக்கு ரிஸ்பா தன் ஊர்ப் பெண்களோடு வந்தார். முற்றத்தின் எதிர்ப்பக்கம் நின்றார். இருட்டும் முன் போய்விட்டார். நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களைப் பேசவைக்கும் ஆளைத்தான் புதைத்துக்கொண்டிருந்தோம்.

சிமெண்ட் போட்டதை முதலில் பார்த்தது என் அண்ணன் மனைவி நகுமிச்சா. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. ஒரே முற்றத்தில் எதிரெதிராக எங்கள் வீடுகள். கொத்தனார் வந்த வாரம் அண்ணி தன் தாய் வீட்டில் இருந்தார். திரும்பி வந்து மேட்டின் முன்னால் நின்றார். தலையில் இருந்த மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"ஏன் வாத்தியாரே, அவளோட சேத்து உன் மூளையையும் புதைச்சுட்டாங்களா?"

நான் அவர் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தேன்.

"அவ அம்மா வந்து கேட்டா என்ன சொல்லப் போற?"

"அவங்க என்கிட்ட கேக்க முடியாது."

"அதுவும் சரிதான்," என்றார் அண்ணி. "உனக்கு வசதிதான்."

ஆனாலும் அவரும் ரிஸ்பாவுக்குச் சொல்லவில்லை. இரண்டு தடவை போனை எடுத்ததாகவும், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்ததாகவும் பிறகு சொன்னார்.

சனிக்கிழமை மதியம் தாண்டி ரிஸ்பா வந்தார். வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. பிறகு ஓர் இருமல். வருகையை இருமலால் சொல்வது அவர் பழக்கம், நான் விலகிக்கொள்ள நேரம் வேண்டுமே. நான் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி. கையில் சின்ன முடிச்சு. அண்ணி எதிர்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ரிஸ்பாவின் கண் மேட்டுக்குப் போய்விட்டது.

அவர் மெதுவாக அங்கே நடந்தார். வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து சிமெண்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். விரல் முட்டியால் ஒரு தடவை தட்டினார், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டுவது போல.

அண்ணியின் சிவப்புக் கோழி ஒன்று முடிச்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"என்ன பாக்கற?" என்றார் ரிஸ்பா அதனிடம். "இது உனக்கில்ல. என் மக களையெடுத்த வயல்ல விளைஞ்ச கேவுரு. ஆனா இந்தக் கல்லு மேல தூவினா நீதான் தின்னுட்டுப் போவ."

கோழி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லு. அன்னிக்கு வாரத்தோட மொத நாளு ஆண்டவரோட கல்லறைக்குப் போன பொம்பளைங்க, கல்லை யாரு புரட்டுவாங்கன்னு கேட்டுக்கிட்டே போனாங்களாம். அங்க கல்லுக்கு முத்திரை போட்டது வேண்டாதவங்க. இங்க கல்லையே வெச்சது மாப்பிள்ளை."

குரல் உயரவில்லை. ஜன்னல் வரைக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது. பல வருடப் பழக்கம்.

"கோழிகிட்ட சொன்னா அது எங்கேம்மா போய்ச் சொல்லும்," என்றார் அண்ணி. "அதுக்கே நாளை மத்தியானம் வரைக்கும்தான் ஆயுசு. வாங்க, ஒரு வாய் டீ குடிங்க."

ரிஸ்பாவின் உதடு அசைந்தது. சிரிப்பாக ஆகவில்லை. அந்த உதட்டை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுடையதும் அப்படித்தான், சிரிப்பதற்கு முன் ஒரு பக்கம் மட்டும் அசையும்.

"நான் கிளம்பறேம்மா. கடைசி வண்டி இருக்கும்."

"நாளைக்குப் பதில் சொல்ல வேண்டாமா? அதுக்குத்தானே வந்தீங்க?"

"எதைப் பாத்துச் சொல்ல? இதையா?"

"உங்க மகதானேம்மா உள்ளே இருக்கா."

"இருக்கா. அதான் சொல்றேன்." ரிஸ்பா முடிச்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவளைப் பெத்தப்ப ரெண்டு ராத்திரி கஷ்டப்பட்டேன். அவ வெளியே வர நான்தான் வழி விட்டேன். இப்பவும் வழி விடலாம்னு வந்தேன். மண்ணு எவ்வளவு இருந்தாலும் இந்தக் கையால இளக்கியிருப்பேன். இதை நான் என்ன பண்ணுவேன், சொல்லு. மேல இவ்வளவு பாரத்தை வெச்சுக்கிட்டு, எழுந்து வருவான்னு என் வாய் சொல்லாது."

அண்ணியிடம் விடைபெற்று அவர் வெளியே போனார். ரோட்டோரம் இருக்கும் பாறையில் உட்கார்ந்தார். வண்டிக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் பாறை.

அண்ணி ஜன்னலுக்கு வந்தார். "கேட்டுதா?"

"கேட்டுது."

"என்ன பண்ணப் போற?"

"தெரியல."

"அவங்க போயிட்டா நாளைக்கு ஊரே மேளத்தோட வந்து நிக்கும். உபதேசியார் கூப்பிடுவாரு. நீ என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரி. அதையாவது நல்லா சத்தமா சொல்லு," என்று அண்ணி தன் வீட்டுக்குள் போனார்.

நான் உட்கார்ந்திருந்தேன். மேசையில் திருத்தாத விடைத்தாள்கள். நெலிமாவின் செருப்பு கதவோரம். ஐந்து மாதமாக அங்கேயே இருக்கிறது. யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பள்ளியில் அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள், என் மேல் உள்ள இரக்கத்தால். சின்ன வயசு, இன்னொருத்தி வருவாள் என்று தலைமையாசிரியர் சொன்னார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

குழந்தை இருந்திருந்தால் பேரனைப் பார்க்கவாவது ரிஸ்பா வருவார். இனி வர எந்தக் காரணமும் இல்லை. இந்த வண்டியில் ஏறினால் முடிந்தது. நெலிமாவைத் தினமும் நினைக்கும் ஆள் என்னைத் தவிர ஒருவர்தான். அவர் ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து போய்க் கொட்டிலில் இருந்து கடப்பாரையை எடுத்தேன்.

முதல் அடியில் ஒரு வெள்ளைத் தடம் மட்டும் விழுந்தது. அதிர்ச்சி தோள் வரை ஏறியது. நான் வேதியியல் ஆசிரியன். சிமெண்ட் காய்வதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். மழை நாளில் போட்ட சிமெண்ட் நன்றாக இறுகியிருந்தது. ஓரத்தில் அடித்தேன். அங்கேயே மறுபடி மறுபடி அடித்தேன்.

அண்ணி ஓடிவந்தார். "என்ன பண்ற? ஊர்ல கேக்கறவங்க நீ அவளைத் தோண்டி எடுக்கறேன்னு நெனைப்பாங்க!"

"நெனைக்கட்டும்."

"கொஞ்சம் மெதுவா அடி. அவளுக்கு..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு வாயைத் துணியால் மூடிக்கொண்டு வாழையடியில் போய் நின்றார்.

சத்தத்தைக் கேட்டோ, மறுநாள் எந்த வீட்டுக்கு முதலில் வருவது என்று சொல்லவோ, உபதேசியார் சிஃபுனா சைக்கிளில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாட்களில் சைக்கிள் ரிப்பேர். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"மயேக்கு," என்று என்னைக் கூப்பிட்டார். "ஆண்டவருக்கு இதெல்லாம் தடையே இல்லப்பா. முத்திரை போட்ட கல்லையே புரட்டினவரு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் உடைக்கற?"

"அவங்க போயிடுவாங்க."

உபதேசியார் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாறையில் இருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. அவர் கோட்டைக் கழற்றி வாழை இலை மேல் போட்டார்.

"நாளைக்குப் போடற கோட்டு இது," என்றார். "எம் பொண்டாட்டி என்னைக் கொல்லப் போறா. தள்ளு, அந்தப் பக்கம் நான் தூக்கறேன்."

ஒரு மூலை விரிசல் விட்டது. அதைத் தூக்கினால் கம்பி வலை விடவில்லை. சிமெண்ட் துண்டுகள் வலையில் பல் போலத் தொங்கின. உபதேசியார் சைக்கிள் பையிலிருந்து குறடை எடுத்து வந்தார். அவர் கம்பியை ஒவ்வொன்றாக வெட்ட, நான் துண்டுகளைப் பிடுங்கி வாழைக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். ஒரு கம்பி முனை என் உள்ளங்கையைக் கிழித்தது. வலி கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. ஐந்து மாதத்தில் எதுவும் எனக்கு உடனே தெரிந்ததில்லை.

நடுவில் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. கதவு சாத்தும் சத்தம். வண்டி போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, பாறை காலியாக இருந்தால் கடப்பாரையைக் கீழே போட்டிருப்பேன்.

கடைசித் துண்டு பெரியது. இருவரும் சேர்ந்து அதை நிமிர்த்திப் பக்கவாட்டில் சாய்த்தோம். கீழே மண் வெளிறி, ஈரமாக, தகடு போலப் படிந்திருந்தது. இரண்டு மூன்று புற்கள் வெளிச்சம் படாமல் வெள்ளையாக முளைத்துச் சிமெண்டின் அடியில் வளைந்து கிடந்தன.

பின்னால் ஓர் இருமல் கேட்டது.

நான் விலக வேண்டும். விலகவில்லை. மேட்டின் ஒரு பக்கம் மண்டியிட்டபடியே இருந்தேன். ரிஸ்பா சற்று நின்றார். நான் எழப்போவதில்லை என்று தெரிந்ததும் சுற்றிக்கொண்டு போய், மேட்டின் அந்தப் பக்கம் மண்டியிட்டார். உபதேசியாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உபதேசியார் கோட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

ரிஸ்பா விரல்களை மண்ணுக்குள் விட்டார். கட்டியை எடுத்து உடைத்தார், மறுபடி எடுத்தார். நானும் என் பக்கத்து மண்ணை உடைத்தேன். அவர் நிமிராமல், மண்ணைப் பார்த்தே பேசினார்.

"நெலிமா. உன் புருஷன் கையில ரத்தம் வருது. கட்டச் சொல்லு."

நானும் மண்ணைப் பார்த்துச் சொன்னேன். "நெலிமா, ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."

"ஏன் மூடினாருன்னு கேளு."

"தண்ணி நின்னுது. நனையறான்னு... நீ நனையறன்னு தோணிச்சு. வேற ஒண்ணும் தோணலைன்னு சொல்லு."

அவர் கை நின்றது. மலைப்பக்கம் இடி உருண்டது.

"எனக்கும் அங்க மழை பெய்யும்போதெல்லாம் அதே நெனப்புதான்னு சொல்லு," என்றார். "கூரை மேல விழற சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்குவேன்னு சொல்லு."

நெலிமா எதையும் மாற்றவில்லை. சொன்னது சொன்னபடியே வந்து சேர்ந்தது. அவள் இருந்திருந்தால் இந்த இரண்டையும் நாங்கள் கேட்கும்படி விட்டிருக்க மாட்டாள்.

வெளிச்சம் குறையும் முன் ரிஸ்பா முடிச்சை அவிழ்த்தார். கேழ்வரகைத் தூவி உள்ளங்கையால் மண்ணை மெதுவாக மேலே இழுத்துவிட்டார், போர்வையை இழுத்துவிடுவது போல. அன்று இரவு அண்ணியின் சமையல் குடிசையில் அடுப்போரம் விழித்தே உட்கார்ந்திருந்தார். "தூங்கினாத்தானே குத்தம்," என்றாராம். அண்ணிதான் இரண்டு தடவை தூங்கி விழுந்தாராம்.

விடியலுக்கு முன் மேளம் கேட்டது. முதலில் பள்ளத்தாக்கில், பிறகு ஏற்றத்தில், பிறகு எங்கள் ரோட்டில். நான் முகம் கழுவிச் சட்டை மாற்றி வெளியே வந்தேன். மூடுபனி. ரிஸ்பா ஏற்கெனவே மேட்டருகே நின்றார். நான் அவருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். வேலிக்கு வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வெள்ளை உடுப்புகள் மட்டும் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. மேளம் ஓய்ந்தது.

"அவர் எழுந்தார்," என்றார் உபதேசியார்.

"மெய்யாகவே எழுந்தார்," என்றார் ரிஸ்பா. தெளிவான குரல்.

பிறகு ஒன்றும் வரவில்லை.

அவர் வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. இரண்டாவது வாக்கியம் உள்ளேயே நின்றது. சிமெண்ட் போய்விட்டது, மண் இளகிவிட்டது, விதையும் விழுந்துவிட்டது. ஆனாலும் அது வரவில்லை. வேலிக்கு வெளியே ஒரு குழந்தை அழுது அடங்கியது.

வழக்கப்படி உபதேசியார் மறுபடி சொன்னார். இந்தத் தடவை மெதுவாக. "அவர் எழுந்தார், ரிஸ்பா."

ரிஸ்பா தலையை அசைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. மேட்டைப் பார்த்துக் குனிந்தார்.

"நெலிமா," என்றார். "என்னால முடியல. உன் புருஷனைச் சொல்லச் சொல்லு."

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அதை நம்புகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் அவள் மூலமாக என்னிடம் கேட்கப்பட்டுவிட்டது. அவள் வாக்குக் கொடுத்திருப்பாள். தகடு மாற்றியதும் அப்படித்தான்.

"மெய்யாகவே எழுந்தார்," என்றேன். "இவளும் எழுவாள்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ரிஸ்பா உதட்டளவில் அதைத் திரும்பச் சொன்னார். இவளும் எழுவாள். சத்தமில்லாமல், இரண்டு தடவை. வேலிக்கு வெளியே மேளம் எழுந்தது. பாட்டு எழுந்தது. விளக்குகள் அசைந்து அடுத்த வீட்டுக்குப் போயின. அங்கே மகன் இறந்த ஒரு தாய் காத்திருந்தாள். அவள் உரத்துச் சொன்னது எங்கள் முற்றம் வரை கேட்டது.

பொழுது விடிந்ததும் ரிஸ்பா கிளம்பினார். அண்ணி கோழியடித்துப் போடுவதாகக் கெஞ்சிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல நான் சாப்பிட்டேன்னு தெரிஞ்சா எங்க ஊர்ல என்னை உள்ளே விட மாட்டாங்க," என்றார் ரிஸ்பா. "ஏற்கெனவே அவரோட ஒரே மேட்டுல மண்ணு கொத்தியிருக்கேன்."

"அதை நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"நீ சொல்லுவ. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

அண்ணி சிரித்துக்கொண்டே அழுதார்.

ரிஸ்பா கடைசியாக மேட்டருகே வந்தார். நான் வீட்டுச் சுவரோரம் நின்றேன். பழைய தூரம்.

"நெலிமா. அவரு இளைச்சுட்டாரு. சாப்பிடச் சொல்லு."

"சரின்னு சொல்லு," என்றேன்.

"விதை முளைக்கற வரைக்கும் கோழியை விட வேண்டாம்னு சொல்லு. ஒண்ணு விடாம கொத்திடும்."

"பாத்துக்கறேன்னு சொல்லு."

அவர் நிமிர்ந்தார். இன்னும் ஏதோ சொல்ல இருப்பது போல நின்றார். அறுவடைக்கு வருவீர்களா என்று கேட்கலாம் என எனக்குத் தோன்றியது. அதற்குள் மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்தான். அவர் தலைத் துணியை இறுக்கிக்கொண்டு நடந்தார். ரோட்டில் ஏறும்போது ஒரு தடவை இருமினார்.

வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மேட்டருகே போட்டு உட்கார்ந்தேன். அண்ணி சபைக்குப் போய்விட்டார். முற்றத்தில் யாரும் இல்லை.

"நெலிமா," என்றேன்.

யாருக்கும் சொல்லி அனுப்ப எதுவும் இல்லை. பெயர் மட்டும்தான் இருந்தது.

சிவப்புக் கோழி வந்தது. கையை வீசினேன். நாலடி தள்ளிப் போய் நின்று என்னைப் பார்த்தது. மறுபடி வந்தது, மறுபடி வீசினேன். பிறகு மழை தூறத் தொடங்கியது. கோழி கூரையடிக்கு ஓடிவிட்டது. இனி நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. மேட்டின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூறல் மழையானது. தண்ணீர் விழுந்தது, விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கியது.

அவள் நனைந்துகொண்டிருந்தாள். நானும் நனைந்தேன்.